மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் நோய்க்கு வைரஸ் காரணமா?

மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் ஓடுகின்ற நரம்பிழைகளை மூடிப் பாதுகாக்கும் மையலின் என்னும் கொழுப்புறையை ஆங்காங்கே அரித்து, அரித்த இடங்களில் தழும்பேறிய கட்டிப்புகளை விட்டுச் செல்லும் நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்று பெயர். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது கல்வி முடிந்து தொழில் தொடங்கிக் குடும்பம் அமைகின்ற பருவத்தில், ஒரு கண்ணின் பார்வை சில நாட்களுக்குள் மங்குவதாகவோ, ஒரு கால் மரத்துப்போவதாகவோ, நடை தள்ளாடுவதாகவோ அது தன் வரவை அறிவிக்கிறது. சில வாரங்களில் தானே தணிகிறது. பிறகு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நரம்பு மண்டலத்தின் வேறோர் இடத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பெண்களின் தொகை ஆண்களின் தொகையைவிட இரு மடங்குக்கும் மேல்.

இந்நோய் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாக விடைகள் கூறப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையதும், பலமுறை கைவிடப்பட்டும் திரும்பத் திரும்ப எழுந்து வந்ததும், ஒரு தொற்றுக் கிருமியே காரணம் என்ற விடையாகும். அவ்விடையின் சரித்திரத்தை ஆராயப் புகுமுன், காரணம் என்ற சொல்லையே சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்த நூலோர் பகுத்துக் கூறுவர். வைரஸ் காரணமா என்று கேட்டவர்கள் பலரும் இம்மூன்றில் எவ்வகைக் காரணத்தைக் குறித்துக் கேட்கிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ளவில்லை. இத்துறையில் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களில் கணிசமான பகுதி அந்த மயக்கத்தினால் விளைந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

பியேர் மரியின் நம்பிக்கை

பாரிஸ் நகரத்து சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தென் ஷார்கோ 1868ஆம் ஆண்டில் இந்நோயைப் பிற நடுக்க நோய்களினின்றும் பிரித்து இலக்கணம் வகுத்தபோது, அதன் காரணங்களாக மனத்துயரையும் ஈரக் குளிரையும் கடுஞ்சுரங்களையும் தயக்கத்துடனேயே குறிப்பிட்டார். அவருடைய மாணவரான பியேர் மரிக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. டைபாய்டு, அம்மை, நிமோனியா முதலான தொற்று நோய்களுக்குப் பின்னர் இந்நோய் கண்டவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, இதன் தோற்றுவாய் தொற்றே என்று 1884இல் அவர் வற்புறுத்திக் கூறினார். பாஸ்டரும் காக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிருமிகளைக் கண்டறிந்துவந்த காலம் அது. அவர்கள் கண்டவற்றையொத்த தடுப்பு மருந்தொன்று இந்நோயையும் ஒழித்துவிடும் என்று மரி நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையைத் தொடர்ந்து, நோயாளிகளின் தண்டுவட நீரை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைகள் பெருகின. 1917இல் ஜெர்மனியில் கூன், ஸ்டைனர் என்னும் இருவர் சுருள் வடிவக் கிருமியொன்றைக் கண்டதாக அறிவித்தனர். 1930இல் லண்டனில் கேத்லின் செவாசுத் கோள வடிவ நுண்பொருளொன்றைக் கண்டதாகக் கூறினார்; அதனைக் கொண்டு தடுப்பு மருந்தும் செய்யப்பட்டு நோயாளிகளுக்குப் போடப்பட்டது. பிற ஆய்வுக்கூடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது இவ்விரண்டும் நிலைபெறவில்லை. லண்டன் முடிவு ஓராண்டுக்குள்ளாகவே சரிந்து, அதில் நம்பிக்கை வைத்திருந்த நோயாளிகளுக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. மரியின் வாதத்தில் இருந்த அடிப்படைக் குறையும் இதற்குள் புலப்பட்டுவிட்டது: அக்காலத்து ஐரோப்பியர்களில் டைபாய்டோ அம்மையோ நிமோனியாவோ கண்டிராதவர் வெகு சிலரே. எல்லோருக்கும் நேர்ந்த ஒன்று, சிலருக்கு மட்டும் நேர்ந்த நோய்க்கு முன்னால் நின்றது என்பதால் அதுவே காரணம் என்று கொள்வது, காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவே முடியக்கூடும்.

உடலே உடலுக்குப் பகையாதல்

கிருமிக் கொள்கைக்கு எதிர்நின்ற பெருங்கொள்கை, விசித்திரமாக, ஒரு தடுப்பூசியின் தீய விளைவிலிருந்து பிறந்தது. நாய்க்கடிக்குப் பாஸ்டர் முறைப்படி விலங்குகளின் நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்ட மருந்தைப் பல நாள் தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்குக் கைகால் முடக்கம் நேர்ந்தது. நம் நாட்டில் 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறைப்படி ஆட்டு மூளையிலிருந்து இம்மருந்து தயாரிக்கப்பட்டு, நீலகிரி மலையிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையம் முதலிய இடங்களிலிருந்து பல்லாண்டுகள் வழங்கப்பட்டது. வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட அந்த ஊசிகளை முதியவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அது காத்த உயிர்கள் எண்ணற்றவை. ஆயினும் அந்த அபூர்வமான முடக்கம் வெறிநாய்க் கிருமியால் வந்ததா, உடன் செலுத்தப்பட்ட மூளைத் திசுவால் வந்ததா என்ற ஐயம் தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933இலும் 1935இலும் வெளியிட்ட ஆய்வுகள் அதைத் தீர்த்துவைத்தன. கிருமி எதுவுமற்ற ஆரோக்கியமான முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, அவற்றின் மூளையில் மையலின் உறை சிதைந்தது. உடலின் காவற்படை தன் சொந்த நரம்புறையையே அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும் என்பது கண்கூடாயிற்று. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம், விலங்குகளில் இவ்வாறு உண்டாக்கிய மாதிரிநோயே ஆய்வுக்கூடங்களை ஆண்டது. இன்று கையாளப்படும் மருந்துகளில் சில அதிலிருந்து பிறந்தவை. இக்கொள்கையின் வலிமை அது. அதன் பலவீனமோ, படை தன்னைத் தாக்கும் விதத்தை அது விளக்கிற்றேயன்றி, யாரும் மூளைத் திசுவை ஊசியால் செலுத்தாத ஒரு மனிதனுக்கு அத்தாக்குதல் ஏன் தொடங்குகிறது என்பதை விளக்கவில்லை. முதல் அம்பை எய்தவர் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. ஆகவே தொற்றுக் கொள்கையும் தன்னுடற்பகைக் கொள்கையும் ஒன்றையொன்று மறுப்பன என்று நெடுங்காலம் கருதப்பட்டது சரியன்று. ஒன்று தொடக்கத்தைப் பற்றியது. மற்றது தொடர்ச்சியைப் பற்றியது.

பூகோளம் கூறும் சாட்சி

தொற்றுக் கொள்கைக்குப் புத்துயிர் அளித்தவர்கள் நோயாளிகளின் வாழிடங்களை எண்ணிக் கணக்கிட்டவர்கள். ஸ்காட்லாந்திலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் மிகுந்தும், நில நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்தும், தெற்கே ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் மறுபடி மிகுந்தும் காணப்படும் இந்நோயின் பரவல் பல அனுமானங்களுக்கு இடந்தந்தது. வட ஐரோப்பிய வம்சத்தின் பரம்பரைக் கூறு ஒரு பகுதி காரணமாக இருக்கலாம். சூரிய ஒளி குறைந்த நாடுகளில் வைட்டமின் டி குறைவதும் ஒரு பகுதி காரணமாக இருக்கலாம். ஆனால் இடம் பெயர்ந்தவர்களின் கதை இவ்விரண்டில் எதனோடும் முழுமையாகப் பொருந்தவில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஜெஃப்ரி டீன் செய்த ஆய்வுகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. வட ஐரோப்பாவிலிருந்து அங்குக் குடியேறிய வெள்ளையருக்கு, அங்கேயே பிறந்த வெள்ளையரைவிட இந்நோய் மிகுதியாகக் கண்டது. ஆனால் சிறு பிராயத்திலேயே குடியேறியவர்கள் தாம் பிறந்த நாட்டின் அபாயத்தை உடன்கொண்டு வரவில்லை. ஜான் கர்ட்ஸ்கேயுடன் சேர்ந்து 1971இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பதினைந்தாம் வயதை ஒட்டியே இந்த எல்லைக்கோடு விழுகிறது என்றது. பிற்காலத்து ஆஸ்திரேலிய ஆய்வுகள் அக்கோடு அத்தனை கூர்மையானதன்று என்று காட்டியுள்ளன. எனினும் குழந்தைப் பருவத்துக்கும் இளமைக்கும் இடையே, இடத்தைப் பொறுத்து ஏதோ ஒன்று நிகழ்கிறது என்ற எண்ணம் அகலவில்லை. 1990இல் டீனும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்தில் செய்த மற்றோர் ஆய்வு நமக்கு நேரடியாக அக்கறை தருவது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் அந்நாட்டுக்குச் சென்றவர்களிடையே இந்நோய் அருமை. ஆனால் அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடையே, அந்நாட்டு மக்களுக்கு நெருங்கிய அளவில் அது காணப்பட்டது. குருதியும் வம்சமும் மாறாதிருக்க, பிறந்து வளர்ந்த மண் மாறியதால் நோயின் அளவு மாறியது. பரம்பரை ஒன்றே காரணம் என்பாருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இந்தச் சாட்சியத்துக்கு 1963இலேயே ஒரு பொருள் கூறப்பட்டிருந்தது. போஸ்கான்ஸரும் அவருடைய சகாக்களும் இந்நோயை இளம்பிள்ளை வாதத்துடன் ஒப்பிட்டார்கள். சுகாதாரம் குறைந்த ஊர்களில் போலியோக் கிருமி கைக்குழந்தைகளையே தொற்றி, பெரும்பாலும் தீங்கின்றிச் சென்றுவிடும்; சுகாதாரம் மிகுந்த ஊர்களிலோ தொற்று பிற்பட்ட வயதுக்குத் தள்ளிப்போய், அப்போது முடக்கத்தை விளைக்கும். அதுபோலவே எல்லோருக்கும் வரும் ஒரு கிருமி, காலம் தாழ்ந்து வந்தவர்களுக்கு மட்டும் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸை விளைக்கக்கூடாதா என்று அவர்கள் வினவினார்கள். எந்தக் கிருமி என்று சொல்ல முடியாத நிலையில் எழுந்த வினாவாயினும், இத்துறையில் எழுந்த வினாக்களுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் கருத்து.

ஃபாரோ தீவுகளின் கதை இதற்கு மாறான திசையில் சென்றது. 1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் படைகள் அத்தீவுகளில் இறங்கின. 1943 முதல் அங்கு இந்நோய் தலைகாட்டிற்று. அதற்கு முன் தீவிலேயே வாழ்ந்தவர்களிடையே இது இருந்ததில்லை என்று கர்ட்ஸ்கேயும் ஹில்லெஸ்டெடும் 1979இல் எழுதினார்கள். படைவீரர்கள் கொணர்ந்த தொற்று என்பது அவர்கள் முடிபு. படைகளோடு வந்த நாய்களின் டிஸ்டெம்பர் நோய்க் கிருமி என்று கூறியவர்களும் உண்டு. ஆனால் முப்பதாயிரம் பேர் அளவே வாழ்ந்த சிறு தீவுக்கூட்டம் அது. நரம்பு நோயை அடையாளம் காணவல்ல மருத்துவர் வந்த பிறகே நோய் எண்ணப்படுகிறது. ஆகையால் முன்பு இல்லாதிருந்ததா, முன்பு அறியப்படாதிருந்ததா என்ற ஆட்சேபத்துக்குத் திருப்தியான சமாதானம் இதுவரை கூறப்படவில்லை.

வந்து சென்ற வைரஸ்கள்

நரம்புறையை வைரஸ் சிதைக்கவல்லது என்பதில் ஐயமே இல்லை. 1933இல் ஜெர்மனியிலிருந்து ஐஸ்லாந்துக்கு இறக்குமதியான கராக்குல் ஆடுகளுடன் வந்த விஸ்னா என்னும் கிருமி, பல்லாண்டுகள் மறைந்திருந்து ஆடுகளின் மூளையை அழித்ததைக் கண்டே, மந்த கதியில் நிகழும் தொற்று என்ற கருத்தை 1954இல் பியோர்ன் சிகுர்ட்சன் உலகுக்கு அளித்தார். குழந்தைப் பருவத்துத் தட்டம்மைக் கிருமி வெகு சிலரிடத்தில் மூளையில் தங்கி, ஆண்டுகள் கழிந்தபின் உயிருக்கே உலை வைக்கும் நோயை உண்டாக்குகிறது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடத்தில் ஜேசி வைரஸ் மையலினை உண்டாக்கும் உயிரணுக்களையே கொன்றுவிடுகிறது. கூடும் என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று; ஆனால் கூடும் என்பது வேறு, இந்த நோயில் அவ்வாறே நிகழ்கிறது என்பது வேறு.

முதலில் சந்தேகிக்கப்பட்டது தட்டம்மை. நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதை 1962இல் ஆடம்ஸும் இமகாவாவும் கண்டனர். பிறகு ஆராய ஆராய, ரூபெல்லா, அக்கி முதலிய பிற வைரஸ்களுக்கும் அவ்வாறே மிகுந்திருப்பது தெரியவந்தது. இந்நோயில் காவற்படை பொதுவாகவே பரபரப்புற்றிருப்பதன் அடையாளம் அது என்பது இப்போதைய கருத்து. தட்டம்மைத் தடுப்பூசி நெடுங்காலமாகப் போடப்பட்டுவரும் நாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் குறையவில்லை என்ற ஒரே உண்மை அவ்வாதத்தை முடித்துவிட்டது.

அதன்பின் 1985இல் மனிதரின் காவற்படையைச் சேர்ந்த டி உயிரணுக்களைத் தொற்றும் ரெட்ரோவைரஸின் உறவினன் ஒன்று நோயாளிகளிடம் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை, ஆனால் அதே ஆண்டில் மார்த்தினிக் தீவிலும் பிறகு ஜப்பானிலும், டி உயிரணுக்களைத் தொற்றும் அந்த ரெட்ரோவைரஸ் வேறொரு தண்டுவட நோய்க்கு உண்மையான காரணம் என்பது தெரியவந்தது. 1989இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் எர்வே பெரோன் கண்ட நுண்துகள்கள், நம் மரபணுத் தொகுதியிலேயே ஆதிகாலந்தொட்டு உறங்கிக் கிடக்கும் வைரஸ் எச்சங்களின் விழிப்பு என்று விளக்கப்பட்டன. அவற்றைத் தடுக்க ஆக்கப்பட்ட மருந்து சோதனையில் தன் பிரதான இலக்கை எட்டவில்லை; எனினும் வேறொரு கிருமி அவற்றை எழுப்பிவிடுகிறது என்ற எண்ணம் இன்னும் உயிருடன் உள்ளது. 1995இல் சுட்டப்பட்ட ஆறாம் மனித ஹெர்ப்பீஸ் வைரஸும் முற்றிலும் விலக்கப்படவில்லை. அதன் ஒரு வகைக்கான எதிர்ப்பொருள் நோயாளிகளிடம் மிகுந்திருப்பதை 2019இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெருந்தொகையானவர்களிடம் கண்டனர்.

இந்த நெடிய பட்டியலில் உள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. நோய் வந்த பிறகு எடுத்த ரத்தத்தையும் நோய் முற்றிய பிறகு எடுத்த மூளையையும் அவை ஆராய்ந்தன. எது முன், எது பின் என்பதை அத்தகைய ஆராய்ச்சி சொல்ல இயலாது. எரிந்த வீட்டில் எலி காணப்பட்டால், எலி தீ வைத்தது என்றோ, தீக்குத் தப்ப வந்து ஒளிந்தது என்றோ, அதற்கு முன்பே அங்குக் குடியிருந்தது என்றோ எப்படியும் கூறலாம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ்

உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் தோன்றும் புற்றுக்கட்டியைப் பற்றி டெனிஸ் பர்க்கிட் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், அக்கட்டியின் துண்டுகளை விமான வழியே லண்டனுக்கு வரவழைத்து ஆராய்ந்தார். அவரும் பெர்ட் அச்சோங்கும் யுவான் பாரும் சேர்ந்து 1964இல் அவற்றுள் ஒரு புதிய வைரஸைக் கண்டனர். 1968இல் பிலடெல்பியாவில் ஹென்லி தம்பதியர், இளைஞர்களுக்குத் தொண்டை வலியும் நெறிக்கட்டும் நீண்ட சோர்வும் தரும் மோனோநியூக்ளியோஸிஸ் என்னும் சுரத்துக்கும் இதுவே காரணம் என்று கண்டறிந்தனர். உமிழ்நீர் வழியாகத் தொற்றி, காவற்படையைச் சேர்ந்த பி உயிரணுக்களுக்குள் புகுந்து, ஆயுள் முழுவதும் அங்கேயே குடியிருப்பது இதன் இயல்பு. உலகின் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இதனைச் சுமக்கிறார்கள்.

நோயாளிகளில் இவ்வைரஸ் தொற்றாதவர் கிட்டத்தட்ட இல்லை என்ற கவனிப்பு 1980ஆம் ஆண்டை ஒட்டியே தொடங்கிவிட்டது. மோனோநியூக்ளியோஸிஸ் கண்டவர்களுக்கு இந்நோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் ஒருமித்துக் கூறின. அச்சுரம், தொற்று பிற்பட்ட வயதில் நேர்ந்ததன் அடையாளம் என்பதை நினைத்தால், 1963இல் எழுந்த இளம்பிள்ளை வாத ஒப்புமை இங்கே புதிய உருவில் திரும்பி வந்திருப்பது புலப்படும். ஆனால் ஆட்சேபமும் அதே அளவு வலிமையுடையது: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் உள்ள ஒன்றைப் பல்லாயிரத்தில் சிலருக்கு வரும் நோயின் காரணம் என்று எப்படிக் கூறுவது? மரியைக் கவிழ்த்த குழி இதுவும் விழவேண்டிய குழியன்றோ?

இங்கேதான் பழைய தருக்க நூலாரின் பாகுபாடு நமக்கு உதவுகிறது. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு, மடைப்பள்ளியில் போல, என்பது அன்வயம். நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை, மடுவில் போல, என்பது வியதிரேகம். எல்லோரிடமும் உள்ள ஒரு பொருளைப் பற்றி அன்வயத்தை எத்தனை முறை கூறினாலும் பயனில்லை. வைரஸ் தொற்றாத அந்த ஐந்து பேரைப் பின்தொடர்ந்து, அவர்களுக்கு நோய் வருகிறதா என்று பார்ப்பதொன்றே வழி. அத்தகையோர் அருகியிருப்பதாலும் நோய் அதனினும் அருகியிருப்பதாலும், லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தாலன்றி அது இயலாது.

அமெரிக்கப் படைத்துறை அதற்கு வாய்ப்பளித்தது. படையினர் அனைவரிடமும் எய்ட்ஸ் பரிசோதனைக்காகக் குறித்த காலந்தோறும் எடுத்த ரத்தத்தின் சீரம் உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்தது. 1993 முதல் 2013 வரை பணியிலிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரில் 955 பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் கண்டது. ஹார்வர்டைச் சேர்ந்த பியோர்னெவிக், அஷேரியோ முதலியோர் 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 801 பேரின் நோய்க்கு முந்திய சீரம் ஆராயப்பட்டது. தொடக்கத்தில் வைரஸ் தொற்றாதிருந்தவர் 35 பேர்; அவர்களில் 34 பேருக்கு நோய்க்குறி தோன்றுமுன் தொற்று நேர்ந்துவிட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தேர்ந்த ஆரோக்கியமானவர்களில் தொடக்கத்தில் தொற்றாதிருந்த 107 பேரில், அதே காலத்தில் தொற்று அடைந்தவர் பாதிக்குச் சற்று மேற்பட்டவரே. தொற்றுக்குப் பின் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. இதே போல் உமிழ்நீரால் பரவும் சைட்டோமெகலோ வைரஸுக்கு அத்தகைய சம்பந்தம் இல்லை. நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு புரதத்தின் அளவு, தொற்றுக்குப் பின்னரே உயரத் தொடங்கிற்று. ஆகவே மறைவாகத் தொடங்கிவிட்ட நோய்தான் தொற்றை வரவழைத்தது என்ற மாற்று விளக்கத்துக்கும் இடம் குறைந்தது.

801 பேரில் ஒருவரே தொற்றின்றி நோயுற்றார் என்பதே இவ்வாய்வின் உயிர்நிலை. அந்த ஒருவருடைய தொற்று கடைசிச் சீரத்துக்குப் பின் நேர்ந்திருக்கலாம்; வேறு நோயை இதுவென மயங்கியிருக்கலாம்; மிக அரிதாக இவ்வைரஸின்றியும் இந்நோய் வரலாம். எவ்வாறாயினும், நூறாண்டுக் காலம் கிடைக்காதிருந்த வியதிரேகச் சான்று முதன்முறையாகக் கிட்டியது இங்கேதான். சூரிய ஒளியோ புகைப் பழக்கமோ மரபணுவோ காட்டும் அபாயங்கள் எவையும் முப்பத்திரண்டு மடங்கை நெருங்குவனவல்ல. இத்தனை பெரிய வேறுபாட்டை வேறு ஏதோ அறியப்படாத மூன்றாவது பொருள் விளைத்தது என்று சொல்பவர், அப்பொருளைச் சுட்டிக் காட்டும் கடமையுடையவராகிறார்.

எவ்வழியாக?

காரணம் என்று ஒப்புக்கொண்டாலும் செயற்படும் வழி தெளிவாகவில்லை. மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, உருவ ஒற்றுமையால் நேரும் மயக்கம். வைரஸின் புரதத்தில் ஒரு துண்டு நரம்புறையின் புரதத் துண்டை ஒத்திருந்தால், ஒன்றைத் தாக்கப் பழகிய படை மற்றதையும் தாக்கும். இக்கருத்துக்கு 1985இல் ஃபுஜினாமியும் ஓல்ட்ஸ்டோனும் முயல்களில் சான்று காட்டினர். 2022இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லான்ஸ், ராபின்சன், ஸ்டைன்மன் முதலியோர், நோயாளிகளின் தண்டுவட நீரில் கண்ட ஓர் எதிர்ப்பொருள், எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஈபிஎன்ஏ-1 என்னும் புரதத்தையும் மூளையின் துணை உயிரணுக்களில் உள்ள கிளியால்கேம் என்னும் புரதத்தையும் ஒருசேரப் பற்றுவதைக் காட்டினர். மிக நேர்த்தியான கண்டுபிடிப்பு இது. ஆனால் இத்தகைய எதிர்ப்பொருள் உடையோர் நோயாளிகளில் நாலில் ஒரு பங்கினரே. எஞ்சியோருக்கு வேறு புரதங்கள் சுட்டப்படுகின்றன.

இரண்டாவது, தன்னுடலைத் தாக்கும் இயல்புடைய பி உயிரணுக்களை, மடிய வேண்டிய காலத்தில் மடியவிடாமல் வைரஸ் காத்து வாழவைக்கிறது என்பது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெண்டர் இதனை எடுத்துரைத்தார். மூன்றாவது, வைரஸ் குடியேறிய பி உயிரணுக்கள் மூளைக்குள்ளேயே புகுந்து தங்கி, அங்கே படையெடுப்பை வரவழைக்கின்றன என்பது. 2007இல் ரோம் நகர ஆய்வாளர்கள் இறந்த நோயாளிகளின் மூளைகளில் அத்தகைய உயிரணுக்களை ஏராளமாகக் கண்டனர். பிற ஆய்வுக்கூடங்கள் தேடியபோது அவ்வாறு கிட்டவில்லை. இப்பிணக்கு இன்னும் தீரவில்லை.

பி உயிரணுக்களை அகற்றும் ரிட்டுக்ஸிமேப், ஓக்ரலிஸுமேப் ஆகிய மருந்துகள் இந்நோயில் வியக்கத்தக்க நன்மை செய்வதை வைரஸ் கொள்கைக்குத் துணையாகக் காட்டுவோர் உண்டு. வைரஸின் குடியிருப்பு அழிவதால் நன்மை விளைகிறது என்பது அவர்கள் வாதம். அதே உயிரணுக்கள் டி உயிரணுக்களைத் தூண்டிவிடும் வேலையையும் செய்வதால், அவ்வேலை நின்றதே நன்மைக்குப் போதிய காரணம் என்றும் கூறலாம். ஆகவே இந்தச் சாட்சி இருபக்கமும் பேசுகிறது. வைரஸையே குறிவைத்த சிகிச்சைகள் இதுவரை நம்பிக்கை ஊட்டவில்லை. வைரஸ் தொற்றிய உயிரணுக்களைத் தேடிக் கொல்லப் பயிற்றிய டி உயிரணுக்களைக் கொண்டு செய்த ஒரு சோதனை, 2023இன் இறுதியில் தன் இலக்கை எட்டாமல் முடிந்தது. இதனால் வைரஸ் காரணமன்று என்று முடிவு கட்டுவது அவசரமாகும். தீ வைத்தவனைப் பிடித்துவிட்டதால் எரிகிற வீடு அணைந்துவிடாது. தொடங்கிய பகை தன் வேகத்திலேயே தொடரக்கூடும். ஆயினும் எப்போதும் இதையே சமாதானமாகக் கூறிக்கொண்டிருந்தால், எந்த மறுப்புக்கும் அசையாத கொள்கையாக அது ஆகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஈர விறகு எது?

நெருப்புள்ள இடமெல்லாம் புகையில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பிருந்தும் புகையைக் காணோம். ஈர விறகு சேர்ந்தபோதே புகை எழுகிறது என்று நையாயிகர் விளக்குவர். எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சுமக்கும் கோடானுகோடி பேரில் பெரும்பாலோர் காய்ந்த இரும்பைப் போன்றவர்கள். அந்த ஈர விறகு எது என்பதே இன்று எஞ்சி நிற்கும் பெருங்கேள்வி.

சில பகுதிகள் அறியப்பட்டுள்ளன. எச்எல்ஏ-டிஆர்15 என்னும் மரபணு வகை உடையோருக்கு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், இளமையில் அளவு மீறிய பருமன், வைட்டமின் டி குறைவு ஆகியன ஒவ்வொன்றும் சிறிது கூட்டுகின்றன. ஆனால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது நாலில் ஒரு பங்குக்குச் சற்றே மேற்பட்ட அளவில்தான். மரபணு முழுதும் ஒன்றாயிருந்தும், வைரஸ் பெரும்பாலும் இருவரிடமும் இருந்தும், நால்வரில் ஏறக்குறைய மூவர் தப்புகிறார்கள்.

இந்தியாவின் நிலை இக்கேள்வியைக் கூர்மைப்படுத்துகிறது. இங்கே இவ்வைரஸ் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, எவரும் அறியாமல் தொற்றிவிடுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸோ மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. மங்களூரில் செய்த கணக்கெடுப்பு லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில் காட்டியது. ஸ்காட்லாந்தில் இத்தொகை இருநூறைத் தாண்டும். பம்பாயின் பார்சிகளிடையே பிற இந்தியரைவிட இந்நோய் மிகுதி என்பதையும் 1980களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தொற்று நேரும் வயது ஒன்றே இவ்வேறுபாட்டை விளக்குமா, வம்சமும் வெயிலும் குடல் கிருமிகளும் எத்தனை பங்கு கொள்கின்றன என்பதை, மேலைநாடுகளில் சேர்த்த சீரத்தைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது. நகரங்களில் தொற்றின் வயது தள்ளிப்போகும் இக்காலத்தில், நம் நாட்டுக் குழந்தைகளையும் இளைஞரையும் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு இப்போதே தொடங்கப்பட வேண்டியது அவசியம். பத்தாண்டு கழித்துத் தொடங்கினால், ஒப்பிடுவதற்குரிய பழைய நிலை மறைந்து போயிருக்கும்.

இதுகாறும் கண்டவற்றை எடைபோட்டால், எப்ஸ்டீன்-பார் வைரஸ் இந்நோய்க்கு இன்றியமையாத காரணம் என்று கொள்வதற்கு வலுவான ஆதாரம் உண்டு; போதிய காரணம் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. அது குடத்துக்கு மண்ணா, சக்கரமா என்பதை முடிவாகச் சொல்லத்தக்க சோதனை ஒன்றே: தொற்றைத் தடுக்கும் ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்டு, அத்தலைமுறையில் இந்நோய் குறைகிறதா என்று பார்ப்பது. 2007இல் பெல்ஜியத்தில் சோதிக்கப்பட்ட தடுப்பூசி மோனோநியூக்ளியோஸிஸைப் பெருமளவு குறைத்ததேயன்றித் தொற்றைத் தடுக்கவில்லை. புதிய முறைகளில் ஆக்கிய தடுப்பூசிகளின் முதற்கட்டச் சோதனைகள் 2022இல் அமெரிக்காவில் தொடங்கின. தொற்றுக்கும் முதல் நோய்க்குறிக்கும் இடையே படைவீரர்களிடம் காணப்பட்ட இடைவெளி சராசரி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாதது; ஆகவே அத்தடுப்பூசி இன்றே கைக்கு வந்தாலும், அது தரும் விடையைக் காண இருபது ஆண்டுகளேனும் செல்லும்.